பூனைக்கு ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி:

டொக்டர், நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். ரோசி என்று ஒரு பெட்டை நாய் வளர்க்கிறோம். ஊர் நாய்தான், வயது 11 மாதம். போன மாதம் முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்தது. அடைத்துத்தான் வைத்திருந்தோம். ஒருநாள் விடிய, வேலிப் பொட்டுக்குள்ளால் போய் ஒழுங்கையில் ஒரு நாயோடு சேர்ந்து நின்றது. தண்ணீர் ஊற்றி, இழுத்துப் பிரித்துக் கொண்டு வந்தோம். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. இனிக் கருத்தடை செய்வோம் என்று நான் சொல்ல, வீட்டில் ஆளுக்கொரு கதை. ஒரு ஈற்றாவது போடவிடாமல் செய்தால் பாவம், நாய்க்கும் வருத்தம் வரும் என்கிறா மாமி. கொழுத்துச் சோம்பிவிடும், காவல் காக்காது என்கிறார் இவர். பக்கத்து வீட்டு அக்கா ஓர் ஊசி போட்டால் போதும் என்கிறா. மகள் ‘ரோசி செத்திடுமா அம்மா’ என்று அழுகிறாள். நான் யார் சொல்வதைக் கேட்பது? பூனையும் ஒன்று நிற்கிறது, மூன்றாவது ஈற்றுக் குட்டிகளுக்கு ஐந்து வாரம். அதை விடுங்கள், ரோசிக்கு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகி, உப்புவெளி

பதில்:

அன்புள்ள சகோதரி,

‘அதை விடுங்கள்’ என்று நீங்கள் எழுதிய பூனையில்தான் நான் தொடங்கப்போகிறேன். ரோசிக்கு இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் இருக்கிறது. பூனைக்கு இல்லை.

நாய் ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவைதான் பருவத்துக்கு வரும். பூனையின் கணக்கே வேறு. பகல் வெளிச்சம் நீளமாக இருக்கும் காலமெல்லாம் அதற்குப் பருவகாலம். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் அதற்கு ஓய்வு கிடைக்கும். எங்கள் ஊரில் பகலின் நீளம் தையிலும் ஆடியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே இங்கே பூனைக்கு ஓய்வு கிடையாது. கடுவனோடு சேர்ந்த பிறகுதான் அதன் முட்டையே வெளியேறும். அதனால் சேர்ந்தால் பெரும்பாலும் தப்பாமல் கரு நிற்கும். சுமக்கும் காலம் ஒன்பது வாரம். எல்லாவற்றையும்விட மோசமானது, குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படக் கூடிய பிராணி அது. பால் குடிக்கும் குட்டி இருக்கும்வரை பயமில்லை என்று நம்பி ஏமாந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். உங்கள் பூனை இந்தக் கிழமையே நாலாவது ஈற்றுக்கு ஆயத்தமாகலாம்.

முதல் இரண்டு ஈற்றுக் குட்டிகளும் எங்கே போயின என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மீன் சந்தைப் பக்கம் விடியப் போகிறவர்களுக்குத் தெரியும். கண் திறந்தும் திறக்காததுமாகக் காட்போட் பெட்டிக்குள் கிடந்து கத்தும். கடற்கரையிலும் கோவில் வாசலிலும் பஸ் நிலையத்திலும் இதே காட்சிதான். ‘அங்கே சாப்பாடு கிடைக்கும்’ என்று விட்டவர்கள் சொல்வார்கள். பால்குடி மறக்காத குட்டி மீன் தலையை என்ன செய்யும்? என் வாசலிலும் ஒரு விடியலில் உரப்பை ஒன்று கிடந்தது, வாய் கட்டியபடி. மிச்சத்தைச் சொல்ல விரும்பவில்லை.

ஆகவே முதலில் பூனை. குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகி, சோறும் மீனும் கொறிக்கத் தொடங்கியதும் தாயைக் கொண்டு வாருங்கள். வயிற்றின் நடுவில் பால் மடி வீங்கியிருந்தால் விலாப்பக்கத்தில் சிறியதாக வெட்டிச் செய்யலாம். கருப்பையும் சூலகமும் எடுத்தபிறகு பால் வற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம். பால் சுரக்கச் செய்யும் ஹோர்மோன் மூளையடிச் சுரப்பியிலிருந்து வருகிறது, சூலகத்திலிருந்து அல்ல. மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு, அன்று பின்னேரமே குட்டிகளை விடலாம்.

அந்தக் குட்டிகளையும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். அதனால்தான் பூனைக்கு ஐந்து மாதத்துக்குள் செய்துவிடுங்கள் என்று இப்போது பூனை வைத்தியர்கள் சொல்கிறார்கள். ‘இன்னும் சின்னப் பிள்ளைதானே’ என்று ஒரு வயதுவரை பார்த்துக்கொண்டிருந்தால் அது அதற்குள் பாட்டியாகிவிடும். கடுவன் குட்டி என்றால் வேலை இன்னும் சுலபம். வயிற்றைத் திறக்கத் தேவையில்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். சுவரில் பீச்சியடிக்கும் அந்த நாற்றமும், இரவுச் சண்டையில் காது கிழிந்து சீழ் பிடித்து வருவதும் பெருமளவு குறையும். பூனைகளுக்கு எய்ட்ஸ் போல ஒரு வைரசு இருக்கிறது, முக்கியமாகக் கடியால்தான் பரவும். ஊர்ச் சண்டைக்காரக் கடுவன்களுக்குத்தான் அது அதிகம். மனிதருக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம்.

இனி ரோசி.

தண்ணீர் ஊற்றி இழுத்துப் பிரித்தோம் என்று எழுதியிருந்தீர்கள். இனி எந்த நாய்க்கும் அப்படிச் செய்யாதீர்கள். சேர்ந்து பின்னிக்கொண்டு நிற்கும் நேரத்தில் விந்து ஏற்கெனவே போய்விட்டது. கடுவனின் உறுப்பு உள்ளே வீங்கியிருப்பதால்தான் பிரிய முடியாமல் நிற்கிறது. இழுத்தால் இரண்டுக்கும் காயம், அவ்வளவுதான் பலன். விட்டால் பத்து முப்பது நிமிடத்தில் தானாகப் பிரியும். ஒழுங்கையில் பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரோசி சினையா இல்லையா என்பதுதான் இப்போது முதற் கேள்வி. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஐந்து வாரம் என்றால் ஸ்கானில் தெளிவாகத் தெரியும், குட்டிகளின் இதயம் துடிப்பதையே பார்க்கலாம். வயிற்றைத் தடவியே சொல்கிறேன் என்கிறவர்களிடம் போகவேண்டாம். நானும் தடவிப் பார்த்து ஒரு தடவை பிழைவிட்டிருக்கிறேன்.

சினை இல்லை என்றால் அவசரப்படாதீர்கள். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதுதான் நல்லது. பருவத்தின்போதும் அதை ஒட்டியும் கருப்பைக்கு இரத்த ஓட்டம் கூட இருக்கும், நாளங்கள் தடித்திருக்கும், வெட்டினால் இரத்தம் கூடப் போகும். இன்னொரு காரணமும் உண்டு. பருவம் முடிந்து ஆறு முதல் ஒன்பது வாரத்தில் சில பெட்டைகளுக்குப் பொய்ச்சினை வரும். மடி பெருக்கும், பாலும் வரும், செருப்பையோ பிள்ளையின் பொம்மையையோ குட்டி என்று நினைத்துக் கட்டிக்கொண்டு படுக்கும், கிட்டப் போனால் உறுமும். அந்த நேரத்தில் சூலகத்தை எடுத்தால் அந்த நிலையே நீண்டு போய்விடக்கூடும். ஆகவே மடி வற்றும்வரை பொறுங்கள். மகளின் பொம்மை காணாமல் போனால் முதலில் ரோசியின் படுக்கையைப் பாருங்கள்.

சினை என்றால் நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும், அதை நான் உங்களுக்காக எடுக்க முடியாது. சினையோடும் சத்திரசிகிச்சை செய்யலாம், தாய்க்கு ஆபத்து கொஞ்சம் கூடும், குட்டிகள் பிழைக்காது. என் வழக்கத்தைச் சொல்கிறேன்: ஐந்து, ஆறு வாரம்வரை, வீட்டார் யோசித்துக் கேட்டால் செய்வேன். அதற்கு மேல் என் கை போகாது. குட்டிகள் பிறக்கட்டும், எட்டு வாரத்தில் தடுப்பூசியோடு நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு, மடி வற்றியபின் தாயைக் கொண்டு வாருங்கள் என்பேன். வேறு வைத்தியர் வேறு மாதிரிச் சொல்லலாம், அது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ‘கலைக்க ஓர் ஊசி’ கேட்டு யாரிடமும் போகவேண்டாம். அதற்கென்று பழைய காலத்தில் போட்ட ஈஸ்ட்ரஜன் ஊசி எலும்பு மச்சையைக் கெடுக்கும், கருப்பையில் சீழ் பிடிக்க வைக்கும். ஓர் ஈற்றைத் தடுக்கப்போய் நாயையே இழந்துவிடுவீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஊசியும் எனக்குத் தெரியும். பெண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அதே கருத்தடை ஊசிதான், புரொஜெஸ்டரோன் வகை. மலிவு, வெட்டுக் காயம் இல்லை, ஐந்து நிமிட வேலை. அதனால்தான் சனத்துக்குப் பிடிக்கும். ஆனால் நாயின் உடம்பு பெண்ணின் உடம்பு அல்ல. அந்த ஹோர்மோன் நாயின் கருப்பைச் சுவரைத் தடிக்க வைத்து, உள்ளே சுரப்பு நீரைத் தேக்கி, வாயையும் மூடிவிடும். கிருமிக்கு அதைவிட வசதியான வீடு வேறில்லை. மடியிலும் கட்டி வரும். பூனைக்குப் போட்டால் சிலவேளை நாலைந்து வாரத்திலேயே மடி தேங்காய் அளவுக்கு வீங்கி வரும். அந்த நேரத்தில் ‘ஒரே ஓர் ஊசிதானே போட்டோம்’ என்பார்கள்.

கருப்பையில் சீழ் பிடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஊசி போடாவிட்டாலும் இது வரும். ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும், சினை நின்றாலும் நிற்காவிட்டாலும், நாயின் உடம்பில் இரண்டு மாதம் புரொஜெஸ்டரோன் ஓடும். அப்படி ஒவ்வொரு பருவமும் கருப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதை விட்டுச்செல்லும். சுவீடனில் காப்புறுதி செய்த நாய்களின் பதிவுகளைப் பார்த்தபோது, கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தது. பெரும்பாலும் பருவம் முடிந்து நாலு முதல் எட்டு வாரத்தில் தலைகாட்டும். நாய் தண்ணீர் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கும், சாப்பிடாது, சத்தி எடுக்கும், சிலவேளை பின்னால் சீழ் வடியும். வடியாமல் வாய் மூடிக்கொண்டால் இன்னும் ஆபத்து, வயிறு மட்டும் ஊதும். ரோசி இப்போது அந்த வாரங்களுக்குள்தான் நிற்கிறது. இளம் நாய், வரும் வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அதன் தண்ணீர்ச் சட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு ஈற்றுப் போட்டால் நாய்க்கு நன்மை என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நாய்க்கு வருத்தம் வரும் என்று அவ பயப்படுவது சரிதான், ஆனால் வருத்தம் வருவது கருப்பையையும் சூலகத்தையும் எடுக்காமல் விடும் பக்கத்திலிருந்து. மடிக் கட்டியைப் பற்றி 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்றுவரை எல்லோர் வாயிலும் நிற்கிறது: எடுக்காத நாய்க்குள்ள அபாயத்தை 100 என்று வைத்தால், முதல் பருவத்துக்கு முன் எடுத்த நாய்க்கு அது 0.5, ஒரு பருவம் கழித்து எடுத்தால் 8, இரண்டு கழித்தால் 26. 2012இல் பழைய ஆய்வுகளைத் திரும்ப எடைபோட்டவர்கள், சான்று அவ்வளவு பலமானதல்ல என்று சொன்னார்கள். ஆகவே அந்த எண்களைக் கல்லில் வெட்டியதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கிழட்டுப் பெட்டைகளின் மடியில் நான் வெட்டியெடுக்கும் கட்டிகள், அநேகமாக எல்லாமே, எடுக்காத நாய்களினுடையவை. பூனைக்கு இதில் சந்தேகமே இல்லை. மடியில் கட்டி வந்தால் பத்தில் எட்டு ஒன்பது புற்றுநோய்தான்.

பாவம் என்ற சொல்லை மாமி சும்மா சொல்லவில்லை. பைரவரின் வாகனத்தில் கத்தி வைக்கிறோமே என்ற மனக்குறை எங்கள் வீடுகளில் இருக்கத்தான் செய்யும், நான் அதைச் சிரித்துத் தள்ளுவதில்லை. ஆனால் மாமியின் வயதுக்காரருக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும்: சுருக்குக் கம்பியோடு ஒழுங்கை ஒழுங்கையாக வந்த நாய் பிடிக்கிற வண்டி. பிடித்துக் கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்று அவவிடமே கேளுங்கள். 2006இலிருந்துதான் இந்த நாட்டில் தெரு நாய்களைக் கொல்வதை நிறுத்தி, தடுப்பூசி, கருத்தடை என்ற வழிக்கு வந்தார்கள். அந்த வண்டி திரும்ப வரவேண்டும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒழுங்கையில் குட்டிகள் பெருகப் பெருக அவர்களின் குரல்தான் உயரும்.

கோட்டைக்குள்ளும் நகரத்துக்குள்ளும் திரியும் புள்ளிமான்களை நாய்கள் கூட்டமாகத் துரத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மான் குட்டி அகப்பட்டால் தப்பாது. அந்தக் கூட்டத்தில் நிற்கும் நாய்கள் காட்டிலிருந்து வந்தவை அல்ல. யாரோ ஒரு வீட்டு ரோசியின் பேரப்பிள்ளைகள்.

விசர் நோயையும் இதோடு சேர்த்துப் பேசவேண்டும், ஆனால் அளவோடு. கருத்தடை மட்டும் விசரைத் தடுக்காது, தடுப்பூசிதான் தடுக்கும். ஓர் ஊரில் 70 வீதமான நாய்களுக்கு ஊசி போட்டிருந்தால் நோய் தொடர்ந்து பரவ முடியாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ஆனால் இன்றைக்கு 70 வீதம் போட்டு முடித்தாலும் நாளைக்கு ஒழுங்கையில் இருபது குட்டிகள் பிறந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். கருத்தடை உதவுவது அந்த இடத்தில்தான். ரோசிக்கு விசர் ஊசி போட்ட அட்டை இருக்கிறதா? வருடம் தவறாமல் திரும்பப் போடவேண்டும்.

இவருக்கு என்ன சொல்வது? குரைப்பு கருப்பையிலிருந்து வருவதில்லை என்று சொல்லுங்கள். காவல் என்பது தன் வளவு, தன் மனிதர் என்ற உணர்வு. அது அப்படியே இருக்கும். இன்னும் சொல்லப்போனால், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேற்றுக்கு வெளியே பத்துக் கடுவன்கள் காத்துக் கிடக்காத வீட்டில்தான் நாய் நிம்மதியாகக் காவல் காக்கும். ஆனால் கொழுக்கும் என்று அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. சத்திரசிகிச்சைக்குப் பின் உடம்புக்கு வேண்டிய சாப்பாட்டின் அளவு குறையும், பசியோ கூடும். நாலில் ஒரு பங்கு சோற்றைக் குறைத்து, கடற்கரைப் பக்கம் தினமும் நடத்திக் கூட்டிப் போங்கள். கொழுத்த நாயைக் கொண்டு வந்து ‘டொக்டர், ஒப்பரேசனால் வந்தது’ என்பவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் பக்கெற் இருக்கும்.

மறைக்கக்கூடாத இன்னொன்று: சில பெட்டைகளுக்கு, பெரிய உடம்புக்காரருக்குக் கூடுதலாக, பின்னாளில் நித்திரையில் சிறுநீர் கசியலாம். மருந்தால் கட்டுப்படுத்தலாம். ரோசி போன்ற நடுத்தர ஊர் நாய்க்கு அந்த அபாயம் குறைவு. உங்கள் வீட்டில் இருப்பது அல்சேஷனோ லப்ரடோரோ என்றால் நான் வேறு கதை சொல்லியிருப்பேன். அப்படிப் பெரிய இனங்களுக்கு ஒரு வயதுக்கு முன் எடுத்தால் மூட்டு வருத்தங்கள் கூடுகின்றன என்று கலிபோர்னியாவில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவை வளர்ந்து முடியட்டும் என்று பொறுப்பது நல்லது.

ரோசி தெரு நாயோடு சேர்ந்திருப்பதால் ஒரு விசயத்தைக் கவனித்து வையுங்கள். சேரும்போது தொற்றும் ஒரு புற்றுநோய் நாய்களுக்கு உண்டு. கிருமி அல்ல, புற்றுநோய்க் கலமே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போய் ஒட்டி வளரும். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு நாயின் கலங்கள்தான் இன்றைக்கும் ஊர் ஊராக உயிரோடு திரிகின்றன. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். பருவம் முடிந்து மாதக்கணக்கான பிறகும் பின்னால் சொட்டுச் சொட்டாக இரத்தம் வந்தால், ‘திரும்பப் பருவம் போல’ என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே பூக்கோவா போன்ற சதை வளர்ந்திருக்கலாம். கிழமைக்கு ஓர் ஊசி வீதம் நாலு முதல் ஆறு ஊசியில் பெரும்பாலும் முற்றாகக் குணமாகிவிடும்.

மகள் கேட்டதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ‘செத்திடுமா?’ ஆரோக்கியமான இளம் நாயென்றால் மிக அரிது. ஒருபோதும் நடக்காது என்று நான் பிள்ளைக்குப் பொய் சொல்லமாட்டேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், பார்வைக்கு நல்ல துடிதுடிப்பான ஒரு பெட்டையை இரத்தப் பரிசோதனை இல்லாமல் மேசையில் ஏற்றினேன். வெட்டிய இடமெல்லாம் இரத்தம் நிற்காமல் கசிந்தது. உண்ணிக்காய்ச்சல். உள்ளே இருந்து இரத்தத்தட்டுக்களைத் தின்றுவிட்டிருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்த நாய் பிழைத்தது, அன்று இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வெக்கைக்கும் மணலுக்கும் உண்ணி இல்லாத வளவே கிடையாது. ஆகவே பரிசோதனைக்குக் காசு எடுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே கேட்டுச் செய்வியுங்கள். உண்ணி மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்துங்கள், தண்ணீரை விடிய வைத்தியர் சொல்லும் நேரம்வரை வைக்கலாம். ‘பாவம், வெறும் வயிறு’ என்று ஒரு துண்டு பாண் கொடுத்தனுப்புகிற ஆச்சிமார் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். மயக்கத்தில் சத்தி எடுத்து அது மூச்சுக்குழாய்க்குள் போனால் என் கைத்திறன் ஒன்றுக்கும் உதவாது.

வீட்டுக்கு வந்தபின் பத்து முதல் பதினாலு நாள் தையலை நக்க விடக்கூடாது. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு இல்லாவிட்டால் மகளின் பழைய ரீசேட் ஒன்றை முன்காலுக்குள்ளால் போட்டு முதுகில் முடியுங்கள். விறாந்தையில் சீமெந்துத் தரையில் வைத்திருங்கள், மாரி தொடங்கிவிட்டால் முற்றத்து ஈரத்தில் விடவே கூடாது. ஈ மொய்த்தால் புழு வைக்கும். மஞ்சளும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், தேங்காயெண்ணெயும் வேண்டாம். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று கடலில் குளிப்பாட்டிக் கொண்டு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து கடல் கிட்ட என்பதால் சொல்லி வைக்கிறேன். முரசு வெளிறினால், எழும்பாமல் கிடந்தால், வயிறு வீங்கினால், காயத்திலிருந்து இரத்தம் சொட்டினால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்: பனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கக்கூடாது. பூனைக்கு அரைக் குளிசையே உயிரை எடுக்கும். அதன் ஈரலால் அந்த மருந்தை உடைக்க முடியாது, இரத்தம் கபில நிறமாகிவிடும். நாய்க்கும் மனிதர் குடிக்கும் ஐபுபுரோஃபென் போன்றவை ஆகாது. நோவுக்கு மருந்து நாங்கள் தந்துவிடுவோம்.

எங்கே செய்வது என்றால், முதலில் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில், சனம் சொல்கிற மாட்டாஸ்பத்திரியில், கேளுங்கள். எல்லா இடத்திலும் சத்திரசிகிச்சை வசதி இருக்காது, ஆனால் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். அரசாங்கத்தின் தடுப்பூசி, கருத்தடை முகாம்கள் எப்போது வருகின்றன என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டு வையுங்கள், அங்கே செலவில்லை. தனியார் இடத்துக்குப் போவதென்றால் நாயின் நிறையைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை, மருந்து, கூம்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

ரோசியை இந்தக் கிழமை ஸ்கானுக்குக் கொண்டு வாருங்கள். அந்த வேலிப் பொட்டை இவர் அடைக்கட்டும், அடுத்த பருவத்துக்குள் ரோசி மேசையில் ஏறிவிடும் என்று நம்புகிறேன், ஆனால் எங்கள் வீடுகளில் திகதிகள் தள்ளிப்போவது புதிதல்ல. பூனையை அடுத்த கிழமை, மூடி உள்ள துணிக்கூடையில் பழைய சேலை ஒன்றை விரித்துக் கொண்டு வாருங்கள். சாக்கில் கட்டிக் கொண்டு வரவேண்டாம், ஓட்டோச் சத்தத்துக்கே அரை உயிர் போய்விடும். அதுவரை தாயையும் குட்டிகளையும் உள்ளறையில் வைத்திருங்கள். கூரையில் கடுவன் வந்து நின்று இரவிரவாகக் கத்தும், உள்ளேயிருந்து இதுவும் பதில் கொடுக்கும், மாமி ‘பாவம், திறந்து விடு பிள்ளை’ என்பா. யன்னலைத் திறக்காதீர்கள்.